ஐந்து காலங்களும் மனத்தின் நலமும்

ஆடிப்பூரத் திருநாளில் ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளில் திருத்தேர் அசைந்து வரும் அழகைக் காணத் திரளும் அடியார்களின் கண்கள் இரண்டு இடங்களையே நாடுகின்றன. மேலே ஸ்ரீ ஆண்டாளும் ஸ்ரீ ரங்கமன்னாரும் எழுந்தருளியிருக்கும் பீடம் ஒன்று. முன்னே வடம் பிடித்து இழுக்கும் ஆயிரமாயிரம் கைகள் மற்றொன்று. சக்கரத்தை ஒட்டிக் குனிந்தவாறே, கையில் மரக்கட்டையுடன் நடந்துவரும் சிலரை எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வீதி திரும்பும் இடத்தில் தேர் வீட்டுச் சுவரில் மோதாமலும், சரிவில் கட்டுக்கடங்காமல் ஓடாமலும் காப்பவர்கள் அவர்களே. முட்டுக்கட்டை எந்த நொடியில், எந்தச் சக்கரத்தின் கீழ், எந்தச் சாய்வில் விழவேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வடம் பிடிப்பவரின் ஆர்வம் மிகுந்து, கட்டை போடுபவரின் கவனம் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தேரோட்டம் கண்டவர் அனைவரும் அறிவர்.

உடலைத் தேராகவும், ஜீவாத்மாவை அதில் ஏறிச் செல்பவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும் கடோபநிஷத்து உருவகம் செய்கின்றது. கோயில் தேரின் குதிரைகள் மரத்தால் ஆனவை. ஆதலால் கடிவாளத்தின் வேலையை அங்கே முட்டுக்கட்டை செய்கின்றது என்று கொள்ளலாம். இவ்வுருவகத்தில் நுட்பமான செய்தி ஒன்று அடங்கியுள்ளது. தேரில் ஏறியிருப்பவன் வேறு, கடிவாளம் வேறு. கடிவாளம் அறுந்தால் ஏறியிருப்பவன் பிழை செய்தவன் ஆகமாட்டான். ஏறியிருப்பவன் எங்குச் செல்லவேண்டும் என்பதை மறந்துவிட்டால், கடிவாளம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

திருவிழாவிற்கு வரும் அன்பர்கள் அர்ச்சகரிடமும் பெரியோரிடமும் கேட்கும் கேள்விகளில் முதன்மையானது ஒன்று உண்டு. "சனிக்கிழமை விரதம் தவறுவதில்லை, திருப்பாவை சொல்லாத நாளில்லை, ஆயினும் மனம் அமைதி கொள்ளவில்லையே, ஏன்?" என்பதே அது. இதற்கு இரண்டு விதமான விடைகள் எளிதில் கிடைக்கின்றன. பக்தி போதவில்லை, இன்னும் மிகுதியாக விரதம் இருக்கவேண்டும் என்பார் ஒரு சாரார். எல்லாம் மனத்தின் விளையாட்டே, ஆன்மா என்று ஒன்றும் இல்லை, மனத்தைச் சரிசெய்துகொண்டால் போதும் என்பார் மற்றொரு சாரார். இரு விடைகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றாகக் கருதிவிட்டதே அப்பிழை.

விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் இவ்விஷயத்தில் ஐயத்திற்கு இடமில்லை. ஜீவாத்மா சித்து, அறிவே வடிவானவன், அறிவை உடையவன், எம்பெருமானுக்கே உரியவன். மனமோ அசித்து. மூலப்பிரகிருதியிலிருந்து மஹத்தும், அதிலிருந்து அஹங்காரமும் தோன்றி, ஸாத்விக அஹங்காரத்திலிருந்து பதினோரு இந்திரியங்கள் பிறக்கின்றன. அப்பதினொன்றில் ஒன்றுதான் மனம். கண்ணும் காதும் எவ்வாறு கருவிகளோ அவ்வாறே மனமும் ஒரு கருவி. கண் மங்கும், காது மந்தமாகும், மனமும் களைப்புறும். கண்ணில் புரை விழுந்தவரைப் பார்த்து "உனக்குப் பக்தி குறைவு" என்று சொல்ல எவர்க்கும் நா எழுவதில்லை. மனம் நோயுற்றவரைப் பார்த்து மட்டும் அவ்வாறு சொல்வது எந்தச் சாஸ்திரத்தின்படி என்பது விளங்கவில்லை.

மனம் உடலோடு எவ்வளவு நெருங்கியது என்பதைச் சாந்தோக்ய உபநிஷத்து ஒரு சிறு கதையால் உணர்த்துகின்றது. உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை அழைத்து, பதினைந்து நாட்கள் உண்ணாதே, வேண்டிய மட்டும் தண்ணீர் பருகு என்கிறார். பதினாறாம் நாள் வேதத்தைச் சொல்லுமாறு கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் குருகுலவாஸம் செய்து, எல்லா வேதங்களையும் கற்றுத் திரும்பிய அந்தப் பிள்ளைக்கு ஒரு ருக்கும் ஒரு யஜுஸும் ஒரு ஸாமமும் நினைவுக்கு வரவில்லை. போய் உண்டு வா என்கிறார் தந்தை. உண்டு வந்தபின் கேட்டதெல்லாம் நினைவுக்கு வருகின்றது. மனம் அன்னத்தால் ஆனது என்பதை மகனுக்குப் புரியவைக்க வேறு எந்த வாதமும் அவருக்குத் தேவைப்படவில்லை. அந்தப் பதினைந்து நாட்களிலும் சுவேதகேதுவின் ஆன்மா குறைவுபட்டதா? இல்லை. கருவி மட்டுமே பட்டினி கிடந்தது.

ஸ்ரீமத் பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்திலும் இதே கருத்து விதியாக வருகின்றது. மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, அறவே உண்ணாதவனுக்கும் இல்லை. மிகுதியாக உறங்குபவனுக்கும் இல்லை, விழித்தே கிடப்பவனுக்கும் இல்லை என்று கண்ணபிரான் வரையறுக்கிறான். உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு ஆகிய நான்கும் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் துயர் தீர்ப்பதாகும் என்கிறான். யோகத்தைக் கற்பிக்கும் அத்தியாயத்தில் சோற்றின் அளவையும் தூக்கத்தின் அளவையும் பேச வேண்டிய அவசியம் என்ன என்று சிந்திப்பவர்க்கு விடை மேலே கூறப்பட்டுவிட்டது.

இது ஏட்டளவில் நிற்கும் தத்துவம் அன்று. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பகுதிகளில் இதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரும். மழை குறைந்த கரிசல் பூமி இது. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து, வானம் பொய்த்த ஊர்களுக்கு நெருப்பே சோறு போட்டு வருகின்றது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும், அதன் மேலுறைகளை அச்சிட அச்சுத்தொழிலும் வளர்ந்தன. ஆடி பிறந்தால் ஆண்டாளுக்குத் திருவிழா. தீபாவளியை நோக்கிய தொழிலுக்கும் அதுவே மும்முரமான காலம். ஆடிப்பெருக்கன்று கடைகளில் பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குவது இப்பக்கத்து வழக்கம். தேர் பார்க்க வந்தவர்களில் பலர் மறுநாட் காலையில் மருந்து அறைக்குச் செல்ல வேண்டியவர்கள்.

அந்த அறையில் அலுமினியப் பொடியும் கந்தகமும் வெடியுப்பும் கலக்கும் கைக்குச் சொந்தக்காரர் முதல்நாள் முழுப்பட்டினி விரதம் இருந்து, இரவு பஜனையில் கண்விழித்து, விடியற்காலையில் வேனில் ஏறி வந்தவர் என்றால், சுவேதகேதுவுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும். உபநிஷத்தில் மறந்துபோனது வேதம். இங்கே மறந்துபோவது உராய்வு கூடாது என்பது. இவ்வாறான விரதத்தை எம்பெருமான் உகப்பான் என்று எண்ணுவது அவன் திருவுள்ளத்தை அறியாமையே. வேலை நாட்களில் பால் பழமேனும் உட்கொண்டு, முழு உபவாஸத்தை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். உடல்நிலைக்கும் வயதுக்கும் ஏற்ப உபவாஸத்தைத் தளர்த்திக்கொள்ளத் தர்மசாஸ்திரங்களே இடமளித்துள்ளன.

அப்படியானால் ஆன்மாவுக்கு உரியதையும் மனத்துக்கு உரியதையும் ஒரே நாளில் எவ்வாறு பகிர்ந்து அளிப்பது? இதற்குப் பூர்வாசாரியர்கள் வகுத்துத் தந்த முறை பாஞ்சராத்ர ஆகமங்களில் கூறப்படும் பஞ்சகால அநுஷ்டானம். ஸ்வாமி வேதாந்த தேசிகர் ஸ்ரீபாஞ்சராத்ர ரக்ஷை என்னும் கிரந்தத்தில் இதனை விரிவாக நிலைநாட்டியுள்ளார். பகலிரவு அடங்கிய ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலங்களாகப் பிரித்து, ஐந்தையும் பகவத் ஆராதனமாகவே செய்யவேண்டும் என்பது இதன் சாரம். விடியற்காலையில் நீராடி எம்பெருமானை அணுகி, இந்த நாள் உன்னுடையது என்று ஒப்படைப்பது அபிகமனம். ஆராதனத்துக்கு வேண்டிய பொருள்களைத் தேடிச் சேர்ப்பது உபாதானம். சேர்த்ததைக் கொண்டு ஆராதித்து, அமுது செய்வித்து, பிரஸாதத்தை உண்பது இஜ்யை. பிற்பகலில் நல்ல நூல்களை ஓதுவதும் கேட்பதும் சிந்திப்பதும் ஸ்வாத்யாயம். இரவில் அவன் திருவடிகளில் மனத்தை வைத்து உறக்கத்தில் ஆழ்வது யோகம்.

முழுமையான முறையில் இதனை அநுஷ்டிப்பவர்கள் இன்று மிகச் சிலரே. மூன்று வேளை சுழற்சியில் வேலை செய்பவர் பிற்பகலில் ஓலைச்சுவடியுடன் அமர இயலாது. ஆயினும் இம்முறையின் உட்கருத்து இல்லறத்தார் அனைவருக்கும் பயன்படக்கூடியது. அதிலும் இரண்டாவது காலமாகிய உபாதானம் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

உபாதானம் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் பூப்பறிப்பதும் துளசி கொய்வதும் ஆகும். அரிசி பருப்பு இன்றி அமுதுபடி இல்லை. பொருள் இன்றி அரிசி பருப்பு இல்லை. ஆகவே நேர்மையான வழியில் பொருளீட்டுவதும் இதில் அடங்கும் என்பது தெளிவு. அதாவது, பிழைப்புக்காகச் செலவிடும் எட்டு மணி நேரம் ஆராதனத்துக்குப் புறம்பானது அன்று. ஆராதனத்தின் இரண்டாம் பகுதி. இதனை உணராதவர்களே, காலையில் பத்து நிமிடம் கடவுளுக்கு, மீதி நேரமெல்லாம் உலகத்துக்கு என்று நாளை இரு துண்டாக வெட்டி, உலகத்துக்குக் கொடுத்த துண்டைப் பற்றிக் குற்றவுணர்வு கொண்டு வருந்துகிறார்கள்.

உபாதான காலத்தில் மனம் எங்கே இருக்கவேண்டும்? செய்யும் வேலையில்தான். மருந்து கலக்கும்போது நாம ஜபம் செய்துகொண்டே கலந்தால் இரட்டிப்புப் பலன் என்று நினைப்பவர்கள் உண்டு. நாமம் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் அபிகமனத்தில் ஒப்படைத்த கைகள் இப்பொழுது அவனுடைய கைகள். அக்கைகள் செய்யும் வேலையில் கவனம் பிசகாதிருப்பதே அந்நேரத்து ஜபம். ஸந்நிதிக்குள் நுழையுமுன் கால் கழுவி ஆசமனம் செய்வதுபோல, மருந்து அறைக்குள் நுழையுமுன் வாயிலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட்டு உடலில் ஏறியுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். பருத்தி ஆடை உடுத்த வேண்டும், இரும்புக் கருவி கூடாது, வெயில் ஏறுமுன் கலவை வேலை முடியவேண்டும் என்பனவும் அத்தகைய நியமங்களே. மடப்பள்ளியில் ஆசாரம் தவறினால் தளிகை வீணாகும். இங்கே தவறினால் குடும்பங்கள் வீணாகும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் பறிபோயின. அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. நால்வர் மட்டுமே இருக்கவேண்டிய அறையில் அதற்கு மேற்பட்டோரை அமர்த்துவதும், எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை தானாகவே அவசரப்படுவதும், கடன் தவணையின் நினைப்பு நெஞ்சைக் குடைவதும் அக்கவனக்குறைவைத் தோற்றுவிக்கின்றன. மனத்தை ஒருமைப்படுத்து என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்பவர்கள், மனம் ஒருமைப்படக் கூடிய இடத்தையும் நேரத்தையும் அவருக்கு அளித்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். உபாதானம் முதலாளிக்கும் உண்டு. பிறர் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்த பொருள் ஆராதனத்துக்கு ஆகாது.

வேலையையே ஆராதனமாகக் கொண்டு, மனத்தையும் ஆன்மாவையும் இரண்டும் கெடாமல் காத்தவர் ஒருவரைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த விஷ்ணுசித்தர் நந்தவனம் அமைத்து, வடபத்ரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சமர்ப்பித்தவர். மண்ணைக் கொத்தி, நீர் இறைத்து, பூக்கொய்து, தொடுத்த கைகள் அவருடையவை. பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன் பரதத்துவத்தை நிர்ணயிப்பவர்க்கென்று பொற்கிழி கட்டித் தொங்கவிட்டபோது, வித்வான்கள் நிறைந்த அச்சபைக்கு இந்தத் தோட்டக்காரரை எம்பெருமான் அனுப்பினான் என்று குருபரம்பரை கூறுகின்றது. கிழி தானே தாழ்ந்து அவர் கைக்கு வந்தது. அரசன் அவரை யானைமேல் ஏற்றி மதுரை வீதிகளில் வலம் வரச் செய்தான்.

மனிதருடைய மனம் நிலைகுலைவது துன்பத்தால் மட்டுமன்று, புகழாலும் தான். தோற்றவர் உறங்காமல் தவிப்பது போலவே வென்றவரும் உறங்காமல் தவிப்பதுண்டு. அந்த நாளில் அவர் மனம் எங்கே சென்றது என்பதே நோக்கத்தக்கது. கருடன்மீது காட்சி தந்த எம்பெருமானின் அழகைக் கண்டவர், தமக்குக் கிடைத்த பெருமையை மறந்து, இவ்வழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சி, யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார். ஆடிப்பூர விழாவின் ஐந்தாம் திருநாளில் திருத்தங்கல் அப்பனும் காட்டழகரும் திருவண்ணாமலை ஸ்ரீனிவாஸப் பெருமாளும், பெரிய பெருமாளோடும் ரங்கமன்னாரோடும் கருட வாகனங்களில் எழுந்தருள, பெரியாழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்நிற்கும் ஐந்து கருட ஸேவை அந்தக் காட்சியை நினைவூட்டுவது. மதுரையில் அவ்வளவு பெருமை பெற்றவர் பிறகு என்ன செய்தார்? ஊர் திரும்பினார். மறுநாளும் செடிகளுக்கு நீர் வேண்டியிருந்தது.

அவரும் அழுதார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். துளசியின் அடியில் கண்டெடுத்து வளர்த்த பெண்ணை அரங்கன் கைக்கொண்ட பிறகு வீடு வெறுமையானது. மகளைப் பிரிந்த தாயின் புலம்பலாக அவர் அருளிய ஒரு திருமொழி உண்டு. மகள் சென்றது பரமனிடம். பெற்றவருக்கு இதைவிடப் பேறு எது? ஆன்மா அறியும் உண்மை அது. மனமோ, நேற்றுவரை முற்றத்தில் நடமாடிய பிள்ளையைக் காணாமல் தவித்தது. ஆழ்வார் அத்தவிப்பை மறைக்கவில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. துக்கப்படுவது நம்பிக்கைக் குறைவு என்று எண்ணி, இறந்தவர் வீட்டில் அழுபவரை அடக்குகின்ற பழக்கம் சில குடும்பங்களில் புகுந்துள்ளது. ஆழ்வாரே அழுதிருக்கும்போது அந்தக் கண்டிப்பு யாருக்காக?

ஸ்வாத்யாய காலத்தைப் பற்றி மிகுதியாகக் கூறவேண்டியதில்லை. வயிற்றுக்கு அன்னம்போல மனத்துக்குக் கேள்வி உணவு. நாள்தோறும் நான்கு பக்கம் நல்ல நூல் படிப்பவருக்கும், கோயில் மண்டபத்தில் உபந்யாஸம் கேட்பவருக்கும் மனம் அசைபோட ஏதோ ஒன்று கிடைக்கின்றது. அது கிடைக்காத மனம் அண்டை வீட்டாரையே அசைபோடும்.

யோக காலம் அவ்வாறு விரைந்து கடக்கக்கூடியது அன்று. உறக்கத்தையே ஓர் ஆராதனமாக்கியிருப்பது பஞ்சகால முறையின் அரிய சிறப்பு. பட்டாசுத் தொழிலில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. கலந்த மருந்தை எஞ்சவைத்து மறுநாளுக்கு வைக்கக் கூடாது. இரவின் ஈரம் பட்டால் அலுமினியப் பொடி கலந்த மருந்து தனக்குள்ளேயே சூடேறும். காலையில் கதவைத் திறப்பவர் கையில் அது வெடிக்கும். மனத்தில் எஞ்சியவையும் இவ்வாறே. மேஸ்திரி சொன்ன கடுஞ்சொல், மருமகளிடம் கேட்காமல் விட்ட கேள்வி, மகனின் மதிப்பெண், வட்டிக்காரர் வரும் தேதி ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு படுப்பவர் உறங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் பார்க்கிறார். யோக காலத்தில் செய்யவேண்டியது எளிய ஒன்றே. காலையில் ஒப்படைத்த நாளை, அதில் நடந்த நல்லதையும் பிழையையும் ஒன்றும் ஒளிக்காமல், இரவில் அவனிடமே கணக்கு ஒப்புவித்துவிட்டு, கணக்குப்பிள்ளை வீடு திரும்புவதுபோல் இளைப்பாறுவது. ஸ்வரூபத்தால் அவனுக்கே அடிமைப்பட்ட ஜீவனுக்கு இது உரிய நிலை. பகலெல்லாம் உழைத்த மனத்துக்கும் இதைவிட நல்ல மருந்து இல்லை. இரண்டின் நன்மையும் ஒரே செயலில் சேரும் காலம் இது ஒன்றே எனலாம்.

இவ்வளவும் செய்தும் தீராத நிலையும் உண்டு. வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காதில் இல்லாத குரல் கேட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியன தோன்றினால் அது நோய். அதற்கு மருத்துவம் வேண்டும். சரக ஸம்ஹிதை உடல் நோய்களுக்கும் மன நோய்களுக்கும் தனித்தனியே சிகித்ஸை கூறுகின்றது. தெய்வ வழிபாட்டையும் மருந்தையும் உடல் நோய்க்கு வைத்து, மனநோய்க்கு அறிவு, தைரியம், நினைவு, ஸமாதி முதலியவற்றைச் சாதனமாக அது சொல்வது வியப்பளிப்பது. போர்க்களத்தில் அர்ஜுனனுக்கு உடல் நடுங்கி, வாய் உலர்ந்து, காண்டீவம் கையிலிருந்து நழுவி, மனம் சுழன்றது. முதல் அத்தியாயம் முழுவதும் அவன் தன் துயரைச் சொல்லிக்கொண்டே போகிறான். கண்ணன் ஒரே ஒரு சொல்லைத் தவிர இடையில் எதுவும் பேசாமல் கேட்கிறான். உபதேசம் பிறகுதான் வருகின்றது. பதினெட்டாம் அத்தியாயத்தின் முடிவில், மயக்கம் நீங்கியது, நினைவு திரும்பியது என்கிறான் அர்ஜுனன். வீட்டில் ஒருவர் மனம் உடைந்து பேசத் தொடங்கும்போது, இரண்டாவது வாக்கியத்திலேயே அறிவுரை சொல்லத் தொடங்கும் பெரியவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

கோயிலும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்கவேண்டியவை என்ற எண்ணத்துக்கு எதிர்ச்சான்று காவிரியின் வடகரையில் உள்ளது. திருச்சிராப்பள்ளியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ள குணசீலம் பிரஸன்ன வேங்கடாசலபதி ஸந்நிதிக்கு மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாட்கள் தங்கவைப்பது தொன்றுதொட்ட வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் பூஜை முடிந்து அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறார்கள். அங்கே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் ஏற்பட்டு, மனநல மருத்துவரின் கண்காணிப்பும் சேர்ந்தது. தீர்த்தமும் மாத்திரையும் ஒருவருக்கே ஒரே நாளில் கிடைக்கின்றன. இரண்டுக்கும் சண்டை வரவில்லை. தமிழ்நாட்டின் வேறொரு சிறு கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் உள்ளிட்ட குழுவினர் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. சிறப்பான சடங்கு எதுவும் அங்குச் செய்யப்படவில்லை. அச்சுறுத்தல் இல்லாத ஆதரவான சூழலே காரணம் என்று அவர்கள் கருதினர். உறவினர் ஒருவர் உடன் தங்கியிருந்தார். நோயாளி கோயிலின் சிறு வேலைகளில் பங்கு கொண்டார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் தென்மாவட்டத்திலேயே நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். மாண்டவர் 28 பேர். எந்த ஒரு சமயத்தாரின் குறையாகவும் இதனைக் கொள்ளலாகாது. எல்லாச் சமயத்தாரும் தத்தம் பிள்ளைகளை அங்கே விட்டிருந்தனர். வழிபாட்டுத் தலத்தின் பெயரால் மனத்தின் நோயை மறைத்துவைக்கும் பழக்கம் பொதுவானது. இன்று விருதுநகரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகின்றது. அதே ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம். பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் குறித்துவைத்துக்கொள்ள ஏற்ற எண் இது.

ஸ்ரீ ஆண்டாளின் இடத்திருக்கரத்தில் வீற்றிருக்கும் கிளியைக் கண்டு வணங்காதவர் இல்லை. பச்சை இலைகளால் உடலும், மாதுளம்பூவால் மூக்கும் அமைத்து நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது அது. செய்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். இலையின் நரம்பு பார்த்து மடித்து, வாழைநாரால் இறுக்கும் அந்த நேரத்தில் கட்டுபவரின் கண் வேறெங்கும் போவதில்லை. இரவு சாற்றிய கிளி மறுநாள் களையப்பட்டு, அடியார் ஒருவரின் கைக்குப் பிரஸாதமாகச் சென்றுவிடும். தேரோட்டம் முடிந்து, திருத்தேர் நிலைக்கு வந்து, வடம் சுருட்டப்பட்டு, பால்கோவாப் பொட்டலங்களுடன் அடியார்கள் சிவகாசிப் பேருந்தில் ஏறும் வேளையில், அடுத்த நாள் கிளிக்கு வேண்டிய இலைகள் எந்தச் செடியில் உள்ளன என்று கட்டுபவர் பார்த்து வைத்திருப்பார்.